வினாடிக்கு இருபது படம்

கம்பம்,
20.06.2024

அன்புத் தங்கை கயலுக்கு,

அக்கா யுவராணி எழுதுகிறேன். வீட்டில் மூவரும் சுகம். கடற்காற்று உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது.

உன்னை விடுதியில் விட்டுத் திரும்பிய அன்று பேருந்து ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் அம்மா, "செல்போனையும் வாங்கி வச்சுக்கிட்டாக. இனி எம்புள்ளகிட்ட நான் எப்பிடிப் பேசுவேன்?" என்றாள். கடிதம் போடலாம் என்றேன். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? எனக்கும் அவளுக்கும் கைதான பாஷ. கையை எப்பிடிக் கவருக்குள்ள வச்சு ஒட்டுவ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு இப்போது ஒரு பதில் கிடைத்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்குப் பக்கத்துக் கடை ரஃபி அண்ணனுடையது. செல்போன் பழுது பார்ப்பவர். அவருக்கு வந்த பழைய சாமான் மூட்டையில் கையடக்க வீடியோ கேம் மெஷின்கள் ஒரு குவியல் கிடந்தன. மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி மடங்கும். திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. உங்கள் விடுதி விதி என்ன? செல்போன் கூடாது, கேமரா கூடாது, இணையம் கூடாது. இதில் சிம் இல்லை, கேமரா இல்லை. வைஃபை இருந்தாலும் அந்தக் காலத்தது. இன்றைய எதனோடும் ஒட்டாது.

ஒரே சிக்கல், இதில் விளையாட்டு மட்டும்தான் ஓடும். அம்மாவை வீடியோ எடுத்து இதில் ஓட்ட வேண்டுமென்றால் அதற்கான பிளேயரை நாமே எழுத வேண்டும். ஆர்வலர்கள் இலவசமாகப் போட்டுவைத்த கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. கல்லூரியில் படித்த சி மொழியும் எனக்கு மறந்துவிடவில்லை. ரஃபி அண்ணன்தான் சிரிக்கிறார். "தங்கச்சி, இதுல உள்ள மூள நம்ம செல்போன்ல நூத்துல ஒரு பங்குகூட வராது. கழுத மேல யானைய ஏத்தப் பாக்குற."

காது கேளாத பிள்ளைகளுக்கு முதன்முதலாக அறிவியல் பிரிவு தொடங்கிய பள்ளி என்று அடம்பிடித்துச் சேர்ந்தவள் நீ. நன்றாகப் படி. காப்பாளரிடம் இந்த மெஷினைப் பற்றிக் கேட்டு எழுது.

பாசத்துடன்,
யுவராணி


பெண்கள் விடுதி,
ஒளிக்கரம் சிறப்பு மேல்நிலைப் பள்ளி,
02.07.2024

அன்புள்ள அக்கா,

கயலின் வணக்கம். நலமாக இருக்கிறேன். தினமும் மீன். அப்பாவிடம் சொல், பொறாமைப்படுவார். அவருடைய ஜீப் எஸ்டேட்டுக்கு ஒழுங்காகப் போய் வருகிறதா?

எங்கள் வகுப்பில் ஒன்பது பேர். எனக்குப் பக்கத்தில் திரிஷா உட்கார்கிறாள். இயற்பியல் எடுப்பவர் ஜாய்ஸ் மிஸ். நம் பக்கத்துக்காரர், தேவதானப்பட்டி. அவர் சைகையில் 'விசை' என்று சொன்னால் என் தோள் தானாகப் பின்னால் போகிறது. பழைய பள்ளியில் எல்லோரும் வாயை அசைப்பார்கள். நான் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவேன். இங்கே எனக்குப் புரிகிறது. புரிவது இவ்வளவு சந்தோஷமான விஷயம் என்று எனக்குத் தெரியாது.

காப்பாளர் ஜெபமணி அம்மாளுக்குச் சைகை தெரியாது. தாளில் எழுதிக் கேட்டேன். "விளையாட்டா?" என்று எழுதினார். "அம்மாவைப் பார்க்க" என்று எழுதினேன். "ஞாயிறு மட்டும். ஒரு மணி நேரம். என் அறையில்" என்று எழுதினார்.

செய், அக்கா.

அன்புடன்,
கயல்


கம்பம்,
28.07.2024

அன்புள்ள கயலுக்கு,

அனைவரும் நலம். முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்து வயலெல்லாம் நாற்று. அம்மா திராட்சைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு நடவுக்குப் போகிறாள். இடுப்புவலி என்கிறாள், கேட்டால் இல்லை என்கிறாள்.

இந்தப் பொட்டலத்தில் மெஷின் இருக்கிறது. பத்திரமாகத் திற. விளையாட்டு கேசட் போலவே ஒன்று செருகியிருக்கும். அதற்குள் மெமரி கார்டு. பச்சை விளக்கு எரிந்ததும் 'ஏ' பொத்தானை அழுத்து. அம்மா வருவாள்.

ஐந்து வாரம் மூச்சு முட்டிவிட்டது. முதலில் திரை வெள்ளையாகவே இருந்தது. பிறகு அம்மா தலைகீழாக வந்தாள். பிறகு நீல நிறத்தில் வந்தாள். ரஃபி அண்ணன் எட்டிப் பார்த்து, "அத்தைக்கு என்ன, குளுரு அடிச்சிருச்சா?" என்றார். அடுத்து ஒலியோடு மல்லுக்கட்டினேன். படம் முன்னால் ஓடும், சத்தம் பின்னால் வரும். இரண்டையும் சேர்த்துக் கட்டுவதிலேயே மெஷினின் பாதிச் சக்தி போய்விடுகிறது. மீதிச் சக்தியில் வினாடிக்கு ஆறு படம்தான் காட்ட முடிகிறது. ஆனால் சத்தம் மட்டும் துல்லியம்! அம்மாவின் வளையல் சத்தமும், வெளியே போன ஜீப் ஹாரனும் அப்படியே கேட்கிறது.

அம்மா உனக்கு ஒரு நல்ல செய்தி சொல்லியிருக்கிறாள். நான் எழுதக் கூடாது, நீயே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் உத்தரவு.

ஜாய்ஸ் மிஸ்ஸைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
யுவராணி


பெண்கள் விடுதி,
07.08.2024

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் திரையில் வந்ததும் தொட்டுப் பார்த்தேன். ஆனால் பிறகு மூன்று நாள் அழுதேன். நம் வெள்ளச்சி ஆடு செத்துவிட்டது என்று அம்மா சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் வருத்தப்படக் கூடாது என்று சிரிக்கிறாள் என நினைத்து இன்னும் அழுதேன்.

நேற்று மறுபடியும் யோசித்தேன். 'குட்டி போட்டது' என்றால் அம்மாவின் கை வயிற்றிலிருந்து இறங்கும், வளைந்து ஏந்தும், பிறகு மலரும். 'செத்தது' என்றால் கை அப்படியே மலரும். உன் ஆறு படத்தில் இறங்குவதும் ஏந்துவதும் காணாமல் போய்விட்டன. மலர்ந்த கை மட்டும் மிச்சம்.

உண்மையைச் சொல். வெள்ளச்சி குட்டிதானே போட்டது?

எங்கள் மொழி கையில் இல்லை, அக்கா. கை போகும் வழியில் இருக்கிறது. வழியை வெட்டினால் அர்த்தம் மாறும். எனக்கு வினாடிக்கு இருபது படமாவது வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதே. பாதிச் சக்தியைத் தின்கிற அந்த ஒலி யாருக்கு?

அன்புடன்,
கயல்

பின்குறிப்பு: அம்மா பூப்போட்ட சேலையில் நின்றாள். பின்னால் காலண்டர், கொடியில் துணி. கையைத் தேட வேண்டியிருக்கிறது. கறுப்புத் துணி கட்டி அதற்கு முன்னால் நிற்கச் சொல்.


கம்பம்,
30.08.2024

என் கண்ணான கயலுக்கு,

வெள்ளச்சி சுகம். இரண்டு கிடாய்க்குட்டியும் சுகம். மூன்று பேரும் உன்னை அழவைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். நாங்களும் சுகம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். 'அந்த ஒலி யாருக்கு' என்ற வரி வந்ததும் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டேன். ரஃபி அண்ணன் ஓடி வந்துவிட்டார். அவரிடமும் காட்டினேன். படித்துவிட்டு அவரும் அடித்துக்கொண்டார். இணையத்தில் கிடைத்த உதாரண நிரல்கள் எல்லாவற்றிலும் ஒலிதான் முதலில் இருந்தது. நானும் யோசிக்காமல் அதே பாதையில் போனேன். பதினேழு வருஷமாக உனக்கு அக்காவாக இருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

அன்றே ஒலிப் பகுதியைப் பிடுங்கி எறிந்தேன். பன்னிரண்டு படம் வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. ஒவ்வொரு படத்தையும் முழுதாகக் கார்டிலிருந்து இழுக்க நேரம் போதவில்லை. அப்போதுதான் உன் கறுப்புத் துணி ஞாபகம் வந்தது. அம்மா கறுப்புத் துணிக்கு முன்னால் நின்றால் என்ன நடக்கும்? துணி அசையாது. தோள் அவ்வளவாக அசையாது. கையும் முகமும் மட்டும்தான் மாறும். அப்படியானால் முழுப் படத்தையும் எதற்கு இழுக்க வேண்டும்? படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சென்ற படத்திலிருந்து எந்தக் கட்டம் மாறியதோ அதை மட்டும் எடுத்துவரும்படி எழுதினேன்.

எண்ணிக்கை திரை ஓரத்தில் ஓடியது. பதினைந்து. பதினெட்டு. அம்மா 'சாப்பிட்டியா' என்று கேட்கும் இடத்தில் இருபத்தொன்று! நான் கத்திய கத்தலில் டீக்கடையிலிருந்து ஆள் வந்து, "எந்த ஊருல மேட்சு?" என்று கேட்டார்.

புதிய கார்டை இத்துடன் அனுப்புகிறேன். இந்தத் தடவை அம்மா குட்டி பிறந்த கதையை முழுதாகச் சொல்லியிருக்கிறாள்.

போன கடிதத்தில் ஜாய்ஸ் மிஸ்ஸைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே. எப்படி இருக்கிறார்?

உன்
யுவராணி


பெண்கள் விடுதி,
14.09.2024

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலமும் அம்மா அப்பா நலமும் குட்டிகளின் நலமும் நாடுகிறேன்.

அம்மா பேசினாள். முழுதாகப் பேசினாள். இரண்டாவது குட்டி தலை மாட்டிக்கொண்டதும், அப்பா பயந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூட்டிவரப் போனதும், அவர் வருவதற்குள் குட்டி பிறந்து எழுந்து நின்றதும், ஒன்றும் விடுபடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை பார்த்தேன். விடுதியில் இருபது பேர் என் தோள்மேல் ஏறிப் பார்த்தார்கள். அம்மா அப்பாவைப் போல நடித்துக் காட்டும் இடத்தில் எல்லோரும் தரையில் உருண்டார்கள். திரிஷா பாதியில் எழுந்து போய்விட்டாள். அவள் அம்மாவுக்குச் சைகை தெரியாது.

சில கேள்விகள். பதினைந்து நிமிடம் நீளமான வீடியோ ஓடுமா? பாதியில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பார்க்க முடியுமா? பாதி வேகத்தில் ஓட்டலாமா? மேல்திரையில் கை, கீழ்த்திரையில் தமிழ் எழுத்து வரவைக்க முடியுமா?

காலாண்டு விடுமுறைக்கு நான் வரவில்லை. இங்கேயே இருந்து படிக்கிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்புடன்,
கயல்


கம்பம்,
05.10.2024

கயலுக்கு,

நலம். நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உன் காலாண்டு மதிப்பெண் அட்டை தபாலில் வந்தது. இயற்பியல் எழுபதுக்கு ஒன்பது. வேதியியல் பதினொன்று. நல்லவேளை, நான்தான் வாங்கினேன். அப்பாவுக்குத் தெரியாது. என் பையில் இருக்கிறது.

ஜாய்ஸ் மிஸ்ஸைப் பற்றி இரண்டு கடிதத்தில் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. விடுமுறைக்கு வரவில்லை. பதினைந்து நிமிட வீடியோ எதற்கு என்றும் சொல்லவில்லை. அங்கே என்ன நடக்கிறது? அம்மாவிடம் மறை. அப்பாவிடம் மறை. என்னிடம் மறைக்காதே.

நீ கேட்டதையெல்லாம் எழுதத் தொடங்கிவிட்டேன். பின்னால் போவதுதான் பெரும்பாடு. மாறிய கட்டங்களை மட்டும் வைத்திருப்பதால் திடீரென்று நடுவில் குதித்தால் கை ஓரிடம், முகம் ஓரிடம் என்று பிய்ந்து வருகிறது. இரண்டு வினாடிக்கு ஒருமுறை முழுப் படம் ஒன்றை நட்டுவைத்து, அங்கே மட்டும் இறங்கும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

எழுது.

யுவராணி


பெண்கள் விடுதி,
13.10.2024

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஜாய்ஸ் மிஸ் ஜூலை நடுவிலேயே போய்விட்டார். பிரசவத்துக்கு. பிப்ரவரியில்தான் வருவார். அவருக்குப் பதிலாக வந்த ஆசிரியர் நல்லவர். ஆனால் சைகை தெரியாது. கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுகிறார். நாங்கள் அவர் முதுகைப் பார்க்கிறோம். கொஞ்ச நாள் நாங்களே புத்தகத்தை வைத்து ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தோம். ஒரு வார்த்தைக்கு ஒன்பது பேர் ஒன்பது அர்த்தம் சொன்னோம். வேதியியலுக்கும் அவர்தான்.

தாளாளர் வந்து அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார். அரையாண்டில் ஐந்து பேராவது தேற வேண்டும். இல்லாவிட்டால் பிரிவை மூடிவிட்டு எங்களைத் தையலுக்கு மாற்றிவிடுவார்களாம். 'இந்தப் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது' என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் உதட்டை நான் படித்தேன்.

உனக்கு ஏன் எழுதவில்லை? எழுதினால் அப்பா மறுநாளே ஜீப்பில் வந்து கூட்டிப்போவார். பிறகு நான் எங்கே போவேன்? ஜூன் மாதம் எனக்குப் புரிந்தது, அக்கா. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

பதினைந்து நிமிடம் எதற்கு என்று இப்போது உனக்குத் தெரியும்.

கயல்


கம்பம்,
04.11.2024

அன்புள்ள கயலுக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்கு நீ இல்லாததால் அம்மா அதிரசம் சுடவில்லை. நீ வரும்போது சுடுவாளாம்.

உன் கடிதம் கிடைத்த இரண்டாம் நாள் தேவதானப்பட்டியில் நின்றேன். ஜாய்ஸ் மிஸ்ஸின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. 'கையால் பாடம் நடத்தும் டீச்சர்' என்றதும் பேருந்து நிறுத்தத்திலேயே வழி சொன்னார்கள். பெண் குழந்தை, இரண்டு மாதம். உன் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்து முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். "எம்மனசு அங்கனயேதான் கெடந்துச்சு. புதுசா வந்தவருக்குச் சைகை தெரியும்னு சொன்னாக, நானும் நம்பிட்டேன்" என்றார். அடுத்த நிமிடம், "எங்க நிக்கணும்? எந்தத் துணி?" என்று கேட்டார்.

மூன்று வாரம், ஞாயிறும் விடுப்பு நாளும், அவர் வீட்டு மாடி அறையில் கறுப்புத் துணி கட்டிப் பதினெட்டுப் பாடம் எடுத்தோம். வேதியியலில் தேறுவதற்கு வேண்டிய நாலு பாடமும் அதில் இருக்கிறது. குழந்தை தூங்காதபோது மடியில் வைத்துக்கொண்டே நடத்துகிறார். இரண்டு கையும் வேண்டிய இடத்தில் குழந்தையை என்னிடம் நீட்டிவிடுவார். ஏழாம் பாடத்தில் ஓரமாக என் கை தெரியும். நான் 'இன்னொரு தடவை எடுக்கலாமா' என்று கேட்டால், "வேணாம். தப்புப் பண்ணித் திருத்துறதையும் புள்ளைக பாக்கட்டும்" என்கிறார்.

கீழ்த்திரையில் தமிழ் எழுத்து வந்துவிட்டது. 'கொ' எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியாக ஓடிப்போயின. கடைசியில் ஒவ்வொரு எழுத்தையும் சின்னப் படமாகவே வரைந்து வைத்தேன். ரஃபி அண்ணன் குவியலைக் கிளறி, உடைந்த கீலும் செத்த பேட்டரியும் மாற்றி ஏழு மெஷினுக்கு உயிர் கொடுத்தார். மற்றவை பிழைக்கவில்லை. ஒன்பது பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அப்பா மெஷின்களைப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, கட போடப் போறியா?" என்றார். சொன்னேன், எல்லாவற்றையும். மதிப்பெண் அட்டையையும் காட்டினேன். அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "தபால்ல வேணாம், ஒடஞ்சிரும். மதுரை தாண்டிக் கடக்கரப் பக்கம் போற நம்ம பய லாரியில குடுத்து, பள்ளிக்கூடத்து வாசல்லயே எறக்கச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். உன்னைக் கூட்டிவரப் போவதாகச் சொல்லவில்லை.

பிளேயரை இணையத்திலும் போட்டேன். 'ஒலியே இல்லாத பிளேயர் எதற்கு' என்று நாலு பேர் கேலி செய்தார்கள். ஐந்தாவதாக ஒருவர், 'நான் காது கேளாதவன், நன்றி' என்று எழுதினார். அதற்குப் பிறகு கேலி நின்றுவிட்டது.

படி. கிடைத்ததும் எழுது.

யுவராணி


கம்பம்,
29.11.2024

கயலுக்கு,

நலம். பொட்டலம் போய் இருபது நாளுக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. இறக்கிவிட்டு வந்ததாக லாரிக்காரர் சொல்கிறார். அரையாண்டுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. அம்மா தினமும் தபால்காரரை மறித்துக் கேட்கிறாள்.

ஒரு வரி எழுதினாலும் போதும்.

யுவராணி


பெண்கள் விடுதி,
05.12.2024

அன்புள்ள அக்கா,

நலம். உங்களைக் கவலைப்பட வைத்தேன். மன்னித்துவிடு.

பொட்டலம் வந்தது. எட்டு நாள் படித்தோம். குளியலறைக்குப் பின்னால், துணி காயும் இடத்தில், ஒளிந்து. ஜெபமணி அம்மாளிடம் ஞாயிறு ஒரு மணி நேரம் என்று வாக்குக் கொடுத்தவள் நான். கேட்டால் மறுத்துவிடுவார் என்று பயந்து கேட்கவில்லை. ஒன்பதாவது நாள் பார்த்துவிட்டார். ஏழையும் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். 'ஏமாற்றினாய்' என்று தாளில் எழுதிக் காட்டினார். உண்மைதான். அதை உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க மட்டும் என் பழைய மெஷினைக் கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அதில், அம்மாவின் படத்தோடு பாடங்களையும் சேர்த்து நீ அனுப்பிய புதிய கார்டைத்தான் போட்டு வைத்திருந்தேன். அம்மாவின் படம் முடிந்ததும் மெஷின் தானாக அடுத்த படத்துக்குப் போனது. நீ தெரிந்து அப்படி எழுதினாயா, தெரியாது. ஜாய்ஸ் மிஸ் வந்தார். மடியில் குழந்தை. ஒரு கையால் உராய்வு விசை. கீழ்த்திரையில் எழுத்து.

நான் மூடப் போனேன். ஜெபமணி அம்மாள் என் கையைப் பிடித்தார். மெஷினை வாங்கிக்கொண்டார். பாடம் முழுவதும் பார்த்தார். குழந்தை ஜாய்ஸ் மிஸ்ஸின் மூக்கைப் பிடித்து இழுக்கும் இடத்தில் சிரித்தார். பிறகு தாளை எடுத்து, 'இதுவா விளையாட்டு? ஏன் சொல்லவில்லை?' என்று எழுதினார். 'பயம்' என்று எழுதினேன். 'எனக்கு வெட்கம்' என்று எழுதினார். 'பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். உங்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.'

அலமாரியைத் திறந்தார். இப்போது படிப்பறையில் நடு மேசை எங்களுக்குத்தான். என் பழையதோடு எட்டு மெஷின், ஒன்பது பேர், பத்தாவதாக ஜெபமணி அம்மாள். பாதி வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, விரலை மடக்கிப் பழகுகிறார். அவர் 'முடுக்கம்' என்று சொல்ல நினைத்து 'முருங்கைக்காய்' என்று சொன்னார். யாரும் திருத்தவில்லை.

பரீட்சை பத்தாம் தேதி.

அன்புடன்,
கயல்


பெண்கள் விடுதி,
22.01.2025

என் அன்பு அக்காவுக்கு,

ஆயிரம் வணக்கம். விடுமுறையில் அம்மா சுட்ட அதிரசம் இன்னும் நாலு மிச்சம் இருக்கிறது. நான் மிக மிக நலம்.

ஒன்பது பேரும் தேறிவிட்டோம்! எனக்கு இயற்பியலில் எழுபதுக்கு ஐம்பத்தெட்டு. கடைசி மதிப்பெண் வாங்கிய விஜிக்கே முப்பத்தொன்று. ஆனால் அதை எழுத நான் உட்காரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தாளாளர் நம்பவில்லை. காலாண்டில் ஒன்பது, அரையாண்டில் ஐம்பத்தெட்டா? பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றார். திங்கட்கிழமை எங்கள் ஒன்பது பேரையும் பெரிய கூடத்துக்கு வரச் சொன்னார். எல்லா ஆசிரியர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொல்வதை எங்களுக்கு யார் சொல்வது என்று கேள்வி வந்தது. ஜெபமணி அம்மாள் எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றார். ஒரு வார்த்தையை இரண்டு தடவை திருத்திச் சொன்னார். ஆனால் புரிந்தது.

தாளாளர் வேறு புத்தகத்திலிருந்து ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். ஒரு கப்பி. அதன் மேல் ஒரு கயிறு. ஒரு முனையில் மூன்று கிலோ, மறுமுனையில் இரண்டு கிலோ. புவியீர்ப்பு முடுக்கம் பத்து என்று வைத்துக்கொண்டு, விட்டால் எவ்வளவு முடுக்கத்தில் இறங்கும்?

திரிஷா முதலில் போனாள். பெருக்கல் எழுதிவிட்டு ஓரிடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டாள். எட்டுப் பேர் கையும் ஒரே நேரத்தில் 'இல்லை' என்றது. அவள் திரும்பி, 'ஏன் இல்லை?' என்று சண்டைக்கு வந்தாள். விஜி ஓடிப்போய் தன் இரண்டு கையையும் கப்பியில் தொங்கும் எடைகளாக்கிக் காட்டினாள். ஒன்று இறங்க, ஒன்று ஏற. நான், 'இழுப்பது வித்தியாசம், ஆனால் நகர வேண்டியது இரண்டும் சேர்ந்து' என்றேன். திரிஷா கொஞ்சம் நின்று பார்த்தாள். சுண்ணக்கட்டியை எடுத்தாள். அழித்தாள். எழுதினாள். இரண்டு.

தாளாளர் உட்காரவில்லை. 'அப்படியானால் கயிற்றின் இழுவிசை?' என்று ஜெபமணி அம்மாள் வழியாகக் கேட்டார். ஒருவரும் பலகைக்குப் போகவில்லை. ஒன்பது பேரும் நின்ற இடத்திலேயே விரலால் காட்டினோம். இருபத்து நான்கு. ஜெபமணி அம்மாள் எங்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வாயால் சொல்ல மறந்து அவரும் கையாலேயே காட்டினார்.

புதிய ஆசிரியர்தான் முதலில் கை தட்டியவர். பிறகு அவருக்கு ஞாபகம் வந்து, எங்கள் வழக்கப்படி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கூடம் முழுவதும் கை ஆடியது.

தாளாளர் எங்கள் அருகே வந்தார். இந்த முறை அவர் முகத்தை எங்களுக்கு நேராக வைத்து, மெதுவாகப் பேசினார். 'நான் தவறாகச் சொல்லிவிட்டேன்.' உதட்டிலேயே படித்தேன். அறிவியல் பிரிவு தொடரும். ஜாய்ஸ் மிஸ் அடுத்த மாதம் திரும்புகிறார். பத்தாம் வகுப்புக்கும் இதே போலப் பாடம் வேண்டும் என்று பள்ளியே உனக்கு முறைப்படி கடிதம் எழுதப்போகிறது. புதிய ஆசிரியர் தினமும் சாயங்காலம் எங்களிடம் சைகை படிக்க வருகிறார். கற்றுக்கொடுப்பது விஜி. கண்டிப்பானவள்.

கடைசியில் தாளாளர், 'யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?' என்று கேட்டார். ஜாய்ஸ் மிஸ்ஸின் பெயரைச் சொன்னோம். அவருக்கு எங்கள் மொழியில் பெயர் இருக்கிறது, கன்னத்துக் குழி. 'அதை இங்கே கொண்டுவந்தது யார்?' என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். உனக்கு எங்களிடம் பெயர் இல்லை, அக்கா. வீட்டில் அம்மாவும் நானும் உன்னைப் 'பெரியவள்' என்று மட்டும்தான் சொல்வோம். எங்கள் மொழியில் யாரும் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ள முடியாது. மற்றவர்கள்தான் தர வேண்டும்.

அந்தக் கூடத்திலேயே, எல்லோர் முன்னாலும், ஒன்பது பேரும் கூடிப் பேசினோம். அவர்கள் காத்திருந்தார்கள். உன் பெயர் இதுதான். ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றைக் கவிழ்த்து வை. மேல்கையை மெஷின் மூடியைப் போலத் திற. திறந்ததும் ஐந்து விரலும் பேசட்டும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு. ரஃபி அண்ணனுக்கு ஒன்பது பேரின் சலாம்.

பிப்ரவரியில் பெற்றோர் நாள். நீயும் வா. நீ வாசலில் நுழையும்போது நாங்கள் ஒன்பது பேரும் மாடியில் நின்று உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். நிமிர்ந்து பார்.

உன் தங்கை,
கயல்